புதுப்பிப்பு: 65ஆ 80ஆ? ஸ்கோப் வாங்கியாச்சு

திருகோணமலையில் நிலாவெளி உப்பளத்துப் பறவைகளையும் கோணேசர் மலையிலிருந்து திமிங்கிலங்களையும் பார்க்க ஸ்பொட்டிங் ஸ்கோப் (தூரத்தைப் பார்க்கும் ஒற்றைக்குழாய்த் தொலைநோக்கி) வாங்கினால் முன்வில்லை 65 மி.மீ. விட்டமுள்ளது நல்லதா, 80 மி.மீ. நல்லதா என்று கேட்டிருந்தேன். 65 மி.மீ. வாங்கிவிட்டேன், கண்வில்லை சாய்ந்த வகை. வேட்டைக்காரர்கள் நேர்க்குழாயைத்தான் விரும்புவார்கள் என்று ஓர் அண்ணா சொன்னது சரிதான், இலக்கை டக்கென்று பிடிக்கலாம். ஆனால் சாய்ந்ததை மகளின் உயரத்துக்கு வைத்துவிட்டு நான் குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.

60 மடங்கு உருப்பெருக்கத்துக்கு ஆசைப்படாதீர்கள். 65ஐ 60ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 1 மி.மீ. சொச்சம்தான், படம் மங்கிவிடும். 20 மடங்கில் 3 மி.மீ.க்கு மேல். வெயில் ஏறி உப்பளத்தில் கானல் எழும்பினால் நெடுங்கால் உள்ளானின் சிவப்புக் கால்கூட நெளிகிறது. அதற்கு 80 வாங்கினாலும் மருந்தில்லை. மிச்சக் காசைக் கனமான ட்ரைபொட்டில் போட்டேன். மலையில் கச்சான் காற்று அடிக்கும்போது ட்ரைபொட்டின் நடுத்தண்டை உயர்த்தவே கூடாது, ஸ்கோப் ஆடும்.