‘தேவதைக் கதை’ வேண்டாம், ‘மாயக்கதை’ போதும்

அன்புடையீர், வணக்கம்.

இசைநாடகங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் பாடல்களிலும் எடுத்தாளப்படும் ‘ஃபேரி டேல்’ (சிண்டரெல்லா போன்ற மாயம் நிறைந்த கதைகள்) என்பதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இவ்விவாத இழையில் இருவர் ‘தேவதைக் கதை’ என்றும் ஒருவர் ‘யட்சிக்கதை’ என்றும் பரிந்துரைத்திருந்தீர்கள். இரண்டுமே பொருந்தா என்று கருதுவதால் ‘மாயக்கதை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

‘யட்சிக்கதை’ மலையாளத்தில் நிலைபெற்ற சொல். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பகுதித் தமிழர்களாகிய எங்களுக்குப் பழக்கமானதும்கூட. ஆயினும் யட்சி என்றதும் எங்கள் நினைவுக்கு வருபவள், கரிம்பனையில் குடியிருந்துகொண்டு இரவில் வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்பவள். மலம்புழையில் கானாயி குஞ்ஞிராமன் 1969இல் வடித்த மாபெரும் சிலையாக அமர்ந்திருப்பவள். நாகர்கோவில் பக்கம் இசக்கியம்மனாக அவள் வழிபடவும்படுகிறாள். கும்பிடும் தெய்வத்தின் பெயரைச் சிண்டரெல்லாவின் கதைக்குச் சூட்டுவதைத் தமிழில் எவரும் இயல்பாக ஏற்கமாட்டார்கள்.

‘தேவதைக் கதை’யின் சிக்கல் வேறு. சிண்டரெல்லா கதையையே எடுத்துக்கொள்வோம். பெரோ 1697இல் வெளியிட்ட பிரெஞ்சு வடிவத்தில்தான் பூசணிக்காயை வண்டியாக்கும் தேவதை வருகிறாள். கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட ஜெர்மன் வடிவத்தில் தேவதையே இல்லை. தாயின் கல்லறைமேல் வளர்ந்த மரமே அவளுக்கு ஆடை தருகிறது. அமெரிக்க இசைநாடக இணையரான ராட்ஜர்ஸும் ஹேமர்ஸ்டைனும் தொலைக்காட்சிக்கென்றே எழுதி, ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்து 1957இல் ஒளிபரப்பான இசைநாடகம் பெரோவின் வழியில் செல்கிறது. 1987இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்கு வந்த, இசையமைப்பாளர் சோண்ட்ஹைமின் ‘இன்டூ த வுட்ஸ்’ இசைநாடகம் கிரிம் வழியைப் பின்பற்றி, தாயின் மரத்தையும், காலணி பொருந்துவதற்காகச் சகோதரிகளின் பாதங்கள் வெட்டப்படுவதையும் மேடைக்குக் கொண்டுவருகிறது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு எழுதும் ஆய்வாளர், தேவதை இல்லாத நாடகத்தையும் ‘தேவதைக் கதை நாடகம்’ என்றே அழைக்க நேரும். பாடல்களிலோ குழப்பம் இன்னும் கூடும்: காதலியைத் தேவதை என்று அழைக்காத திரைப்பாடலாசிரியர் அரிது என்பதால், ‘பாடல்களில் தேவதைக் கதைக் கூறுகள்’ என்ற தலைப்பைக் காணும் வாசகர் காதல் பாட்டுகளையே எதிர்பார்ப்பார்.

‘மாயாஜாலக் கதை’ என்பதில் செப்படி வித்தையின் சாயல் இருப்பதால் அதையும் தவிர்க்கலாம்.

‘மாயக்கதை’க்கு எதிராக எழக்கூடிய வலுவான தடை, மாயம் புராணங்களிலும் உண்டே என்பதுதான். அதே 1957இல் தெலுங்கிலும் தமிழிலும் வெளியான ‘மாயா பஜார்’ திரைப்படம் முழுக்க மாயத்தால் நடப்பது. எனினும் அது மகாபாரதக் கிளைக்கதை. ஆகவே வரையறையில் ஓர் எல்லை கட்ட வேண்டும். கண்ணனுக்கும் கடோற்கசனுக்கும் ஊரும் குலமும் உண்டு, அவர்களை வழிபடுவோரும் உண்டு. மாயக்கதையோ ‘ஒரே ஒரு ஊரிலே’ என்று தொடங்கி, எந்த ஊர், எந்தக் காலம் என்று சொல்லாமலே நகர்வது. அதில் மரம் ஆடை தந்தாலும் ஓநாய் பேசினாலும் கதைக்குள் இருப்பவர் எவரும் வியப்பதில்லை. இந்த இரண்டு இயல்புகளையும் வரையறையில் சேர்த்தால் புராணம் தானாக விலகிவிடும்.

கூட்டுச்சொற்களும் எளிதில் அமைகின்றன. ‘மாயக்கதைத் தொடர்’, ‘மாயக்கதை நாடகம்’ என்பவற்றுக்கு விளக்கம் தேவையில்லை. ‘மாயக்கதைக் கூறு’ என்பது பாடல்களுக்கு மிகவும் பயன்படும். ஏனெனில் பாட்டுக்குள் முழுக்கதையும் வருவதில்லை, கண்ணாடிக் காலணியோ நள்ளிரவு மணியோ நச்சு ஆப்பிளோ மட்டும் வருகிறது.

முடிவாகாத சொல் ஒன்று எஞ்சுகிறது. ‘அதன்பின் இன்பமாக வாழ்ந்தனர்’ என்னும் நிறைவுத் தொடருக்குக் கலைச்சொல் வேண்டும். ‘இன்டூ த வுட்ஸ்’ இரண்டாம் அங்கம் முழுவதும் அந்தத் தொடருக்குப் பின் நடப்பதுதான். ‘சுபம்’ திரைப்படத்தின் கடைசி அட்டையோடு ஒட்டிவிட்டதால் எனக்கு ‘நிறைவு வாய்பாடு’ என்பதே தோன்றுகிறது. ‘கதை முடிஞ்சுது, கத்தரிக்காய் காய்ச்சுது’ என்று பாட்டிமார் சொல்வதையும் அச்சொல் உள்ளடக்கும். இதைவிடச் சுருக்கமான சொல் கைவசம் இருப்பவர்கள் எழுதுங்கள்.