நன்னடத்தைப் பிணை: கடற்கரைப் பக்கம் எங்கே இடறுகிறது?
ராமநாதபுரம் கடற்கரையின் நான்கு ஊர்களிலிருந்து நால்வர் சொல்வது.

தங்கச்சிமடம்
குற்றம் நிரூபணமான பிறகுதான் நன்னடத்தைப் பிணை என்ற பேச்சே வரும். இதை ஜாமீனோடு போட்டுக் குழப்புகிறவர்கள் நிறைய. 1958ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 4ஆம் பிரிவு: தூக்கு, ஆயுள் வரை போகாத குற்றமென்றால் தண்டனையைச் சொல்லாமல், ஒழுங்காக நடப்பேன் என்று பத்திரம் வாங்கிக்கொண்டு அனுப்பலாம். பத்திரத்தின் காலம் அதிகபட்சம் 3 ஆண்டு. நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையும் போட்டால் அது 1 ஆண்டுக்குக் குறையாது.

இடறுவது விலாசத்தில். ரேஷன் கார்டு ஓர் ஊர், படகு வேறு ஊர். நிலையான இருப்பிடமோ தொழிலோ குற்றவாளிக்கோ அவருக்காகப் பிணை நிற்பவருக்கோ இருக்கிறதா என்று கோர்ட் பார்க்கும். நன்னடத்தை அலுவலர் விசாரிக்க வரும் அன்று மீனவர் நலவாரிய அட்டை, படகு முதலாளியின் பங்குக் கணக்கு நோட்டு இரண்டையும் எடுத்து வைத்தால் பாதி வேலை முடிந்தது.

பாம்பன்
தங்கச்சிமடத்து அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விசைப்படகு திங்கள், புதன், சனியில் போகும். ஆஜராகும் நாளாகத் திங்களைப் போட்டுவிட்டால் மாதாமாதம் தவறும். வெள்ளி கேளுங்கள், பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

பெரிய தொல்லை மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கையில் காசிருக்காது. பையன்கள் கேரளாவுக்கு ஏறிவிடுவார்கள். சொல்லாமல் போனால் நிபந்தனை மீறல். 8ஆம் பிரிவில் நன்னடத்தை அலுவலர் மூலம் நிபந்தனையை மாற்றக் கேட்கலாம், ஆனால் கிளம்பும் முன்னே கேட்க வேண்டும். முதல் மீறலுக்கு 50 ரூபாய் வரை அபராதத்தோடு விடவும் செய்யலாம், பழைய குற்றத்துக்கே தண்டனை கொடுக்கவும் செய்யலாம்.

மண்டபம்
மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் கடலட்டை எடுத்த கேஸா? வனவிலங்குச் சட்டம் 51(5) இந்த வழியை அடைத்துவிடுகிறது, 18 வயதுக்குக் கீழே தவிர. கஞ்சா கடத்தலுக்கும் அதே கதைதான். வக்கீல் சொல்லாமல் விட்டால் வீட்டார் வீணாக நம்பிக் கிடப்பார்கள்.

தொண்டி
21 வயதுக்குள் என்றால் 6ஆம் பிரிவை அழுத்திக் கேளுங்கள். ஆயுள் தண்டனைக் குற்றம் தவிர, நன்னடத்தை அலுவலரின் அறிக்கை வாங்கிப் பார்க்காமல், காரணம் எழுதாமல் உள்ளே அனுப்பக் கூடாது. இந்த ஏற்பாட்டின் உயிரே இதுதான் என்பேன். ஆறு மாதம் உள்ளே இருந்து வரும் பையனுக்குப் பழைய படகில் இடமிருக்காது. "ராத்திரி ஒரு மூட்டை ஏத்திவிடுறியா தம்பி" என்று கேட்க மட்டும் கரையில் ஆள் நிற்கும்.

12ஆம் பிரிவு, குற்றவாளி என்று தீர்ப்பானதால் வரும் தகுதியிழப்பை நீக்கும். குற்றத் தீர்ப்பு அழிந்துபோகாது. அரசு வேலை விண்ணப்பத்தில் வழக்கு பற்றிக் கேட்டிருந்தால் மறைக்காமல் எழுதி, உத்தரவின் நகலையும் இணையுங்கள்.