பிக்கப் வண்டியில் ஹை பிரஷர் பம்ப் போகாமல் காப்பது எப்படி? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காய்வண்டி, ஒட்டன்சத்திரம்:

எங்கள் மார்க்கெட்டில் லோடு ஏற்றும் பிக்கப்காரர்களிடம் இந்த மழை சீசனில் அதிகம் அடிபடுகிற பேச்சு டீசலுக்குப் பெரிய அழுத்தம் ஏற்றும் ஹை பிரஷர் பம்ப்தான். தெரிந்தவர்கள் சிலருடைய வண்டி நடுவழியில் நின்று, தக்காளியை இன்னொரு வண்டிக்கு மாற்றி ஏற்ற வேண்டியதாகிவிட்டது. பம்ப் மட்டும் போனால்கூட சமாளித்துவிடலாம். அது போகும்போது ரெயில் (அழுத்திய டீசல் தேங்கும் குழாய்), இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் முனை), டேங்க் என்று எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. பில் லட்சத்தைத் தாண்டுகிறது. மாதம் தவறாமல் டியூ கட்டி ஓட்டுகிற குடும்பத்துக்கு அது தாங்காது.

என் வண்டி தப்பியதைச் சொல்கிறேன். தாராபுரம் ரோட்டில் வரும்போது ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்ததைக் காட்டும் விளக்கு எரிந்தது. உடனே ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினேன். ஃபில்டருக்கு அடியில் இருக்கும் டிரெயின் திருகைத் தளர்த்தி, காலி தண்ணீர் பாட்டிலில் பிடித்தேன். வந்தது கலங்கலாக இருந்தது. பாட்டிலை பானெட்டு மேல் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்ததும் தண்ணீர் அடியில் தெளிந்து நின்றது, டீசல் மேலே மிதந்தது. இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்த மாதிரி நேர்க்கோடு. முந்தைய நாள் கொட்டுகிற மழையில் ஒரு பங்க்கில் ஃபுல் டேங்க் போட்டிருந்தேன். வண்டியை மேற்கொண்டு ஓட்டாமல், பாட்டிலையும் பில்லையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி அந்த பங்க்குக்கே போனேன்.

அங்கே நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தண்ணீர் பார்க்கும் பேஸ்ட்டை டிப் ராடில் தடவி, என் கண் முன்னால் உங்கள் நிலத்தடி டேங்க்கில் விட்டுக் காட்டுங்கள்." எல்லா பங்க்கிலும் அந்த பேஸ்ட் இருக்கும். அடியில் தண்ணீர் இருந்தால் நிறம் மாறிவிடும். மாறியது. அதற்கு மேல் வாக்குவாதமே நடக்கவில்லை. என் வண்டி டேங்க்கை இறக்கிக் கழுவிய செலவையும் புது ஃபில்டரையும் அவர்களே ஏற்றுக்கொண்டார்கள். கையில் பில் இல்லாமல் போயிருந்தால் ஒருவரும் காது கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால் டீசல் பில்லை அடுத்த டேங்க் தீரும் வரைக்கும் பத்திரமாக வையுங்கள்.

இதற்கு மேல் என்னென்ன செய்யலாம்? பட்டறை வைத்திருப்பவர்கள், வெளிநாட்டில் பிக்கப் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் எழுதுங்கள். டீசலோடு சேர்த்து ஊற்றச் சொல்லும் ஆயில், அடிட்டிவ் எல்லாம் நிஜமாகவே பலன் தருமா என்பதையும் சொல்லுங்கள்.

டீசல் பட்டறை, ஈரோடு:

வணக்கம் அண்ணே. விளக்கு எரிந்ததும் இன்ஜினை நிறுத்தினீர்கள் பாருங்கள், பம்ப் பிழைத்தது அதனால்தான். "இன்னும் இருபது கிலோமீட்டர்தானே, ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஓட்டி வந்த வண்டிகளைத்தான் நாங்கள் கட்டி இழுத்து வருகிறோம்.

பம்ப்புக்கு இன்ஜின் ஆயில் போகிறது என்று பலர் நம்புகிறார்கள். பழைய இன்லைன் பம்ப் பலவற்றில் அது சரி. இப்போது பிக்கப்பில் வருகிற காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவாக ஒரே ரெயில்) பம்ப்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே ஓடுகிற டீசலே ஆயில். அதுதான் உரசலைத் தாங்குகிறது, சூட்டையும் அதுதான் எடுத்துப்போகிறது. உருவாகும் பிரஷர் 1,600 பார், சில வண்டிகளில் 2,000 பாருக்கும் மேல். காரின் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 2 பார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சருக்கும் அதன் துளைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். அங்கே தண்ணீர் வந்தால் எண்ணெய்ப் படலம் அறுந்து இரும்போடு இரும்பு உரசும். காற்று வந்தாலும் அப்படித்தான். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ கலந்தால் டீசலின் வழவழப்பே குறைந்துபோகும்.

பம்ப் கம்ப்ளெயின்ட் என்று வரும் வண்டியில் நான் முதலில் கை வைப்பது ஃபில்டரில்தான். கழற்றி அறுத்துப் பார்ப்பேன். ஆக்ஸா பிளேடால் அறுக்கக் கூடாது, பிளேடின் தூளே உள்ளே விழுந்து குழப்பிவிடும். பைப் கட்டரைச் சுற்றி வெட்டி, காகித மடிப்பை வெளியே எடுத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து வெயிலில் காட்டிப் பார்க்க வேண்டும். கறுப்புப் படிவு ஓடிய ஓட்டத்தில் வருவது, அதற்குப் பயப்பட வேண்டாம். செம்பழுப்பாக இருந்தால் துரு, தண்ணீர் வந்து தங்கியிருக்கிறது. ஜிகினாத் தூள் மாதிரி மின்னினால் பம்ப் தேய ஆரம்பித்துவிட்டது. ஒரு காந்தத்தை பாலிதீன் பையில் சுற்றி மேலே ஓட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஃபில்டர் பம்ப்புக்கு முன்னால் இருக்கிறதே, அதில் பம்ப்பின் தூள் எப்படி வரும் என்று கஸ்டமர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. பம்ப்பில் தேய்ந்த தூள் ரிட்டர்ன் லைன் வழியே டேங்க்குக்குப் போகிறது, அங்கிருந்து டீசலோடு சேர்ந்து ஃபில்டருக்கு வருகிறது. ஆகவே ஃபில்டரில் மினுமினுப்பைப் பார்க்கிறோம் என்றால் தூள் ஏற்கெனவே ஒரு முழுச் சுற்று சுற்றிவிட்டது. அதற்கு முன்பே பிடிக்க வேண்டுமானால் பம்ப்பின் மேல் இருக்கும், உள்ளே போகும் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் யூனிட்டைக் கழற்றி அதன் வலையைப் பார்க்கலாம். அதைப் பட்டறையில்தான் செய்ய வேண்டும், ரோட்டோரத்தில் வேண்டாம்.

புதுப் பம்ப் மட்டும் மாட்டி, டேங்க்கையும் லைனையும் கழுவாமல் அனுப்பிய வண்டி ஒன்று எங்களிடம் வந்தது. கொஞ்ச நாளிலேயே புதுப் பம்ப்பும் அதே தூளைத் தின்று தேய்ந்திருந்தது, நாலு இன்ஜெக்டரும் ஒழுகின. தூள் சுற்றிவிட்டால் பம்ப், ரெயில், இன்ஜெக்டர், ஹை பிரஷர் பைப்புகள் எல்லாம் மாற்றி, டேங்க்கைக் கழுவியே ஆக வேண்டும். வலிக்கிற செலவுதான், ஆனால் பாதி வேலை செய்தால் அதே செலவு இரண்டு முறை வரும். ஸ்டார்ட் ஆக நேரம் எடுப்பது, லோடில் ஏறும்போது இழுவை விட்டுப்போவது, ஸ்கேனரில் ரெயில் பிரஷர் குறைவு என்று பி0087 கோடு வருவது, இவை வந்ததும் காட்டிவிடுங்கள். சில சமயம் அடைத்துப்போன ஃபில்டராலேயே அந்தக் கோடு வரும், சின்னச் செலவோடு முடிந்துவிடும்.

இன்னொரு விஷயம் பல இடங்களில் நடக்கிறது, பார்க்கவே மனசு கேட்பதில்லை: பழைய ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்றில் ஊதித் திரும்ப மாட்டுவது. காற்று அடித்ததும் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும், அதன் வழியே தூசி நேராகப் பம்ப்புக்குப் போகும். டூப்ளிகேட் ஃபில்டரும் அதே கதைதான். புது ஃபில்டர் மாட்டியதும் ஹேண்ட் பிரைமரை (டீசலைக் கையால் ஏற்றும் பம்ப்) அது கெட்டியாகும் வரை அமுக்கி, காற்றை வெளியேற்றிய பிறகே செல்ஃப் அடியுங்கள். திறந்த பாட்டிலில் இருக்கும் டீசலைப் புது ஃபில்டருக்குள் ஊற்றி நிரப்ப வேண்டாம், வடிகட்டாத அழுக்கு சுத்தமான பக்கத்துக்கே போய்விடும்.

பழைய பழக்கத்தில் இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்க்கவே கூடாது. அந்தப் பிரஷரில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் விரலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும். பட்டால் நேராக ஆஸ்பத்திரி.

மலைவண்டி, பழனி:

ஈரோடு அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் கொடைக்கானலுக்கு லோடு அடிக்கிறவன், அதனால் ஒன்று சேர்க்கிறேன். கால் டேங்க்குக்குக் கீழே இறங்கவிட்டு மலை ஏறுவதில்லை. கொண்டை ஊசி வளைவில் டீசல் ஒரு பக்கமாக ஒதுங்கினால் லைன் காற்றை உறிஞ்சும். டேங்க்கில் டீசல் குறைவாக இருந்தால் பம்ப்பிலிருந்து சூடாகத் திரும்பி வருவது ஆறுவதற்குள் மறுபடி பம்ப்புக்கே போய்விடும். அரை டேங்க் எப்போதும் இருக்கட்டும் என்று எங்கள் முதலாளி டிரைவர்களுக்குச் சொல்லியே வைத்திருக்கிறார். அவருடைய பழைய வண்டிகள் இன்னும் முதல் பம்ப்பில்தான் ஓடுகின்றன.

டெக்சாஸ் தமிழன்:

இங்கே அமெரிக்காவில் இந்தப் பிரச்சினைக்கு ஒரு பெயரே உண்டு: சிபி4. போஷ் தயாரிக்கும் பம்ப். ஃபோர்டின் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் இன்ஜினில் 2011 முதல், ஜெனரல் மோட்டார்ஸின் டியூராமேக்ஸில் 2011 முதல் 2016 வரை, ராமின் 6.7 கம்மின்ஸில் 2019, 2020 மாடல்களில் இதுதான் வந்தது. ராம் 2021இல் பழைய சிபி3 பம்ப்புக்கே திரும்பியது, அந்த இரண்டு மாடல் வண்டிகளையும் இரண்டு லட்சத்துக்கு மேல் திரும்ப அழைத்தது. டியூராமேக்ஸ் 2017இல் டென்சோ பம்ப்புக்கு மாறி, டேங்க்கிலிருந்து தள்ளும் லிஃப்ட் பம்ப்பும் கம்பெனியிலேயே வந்தது.

சிபி4இன் உள்ளே கேம் (மேடு வைத்த சுழலும் தண்டு) மேல் ஓடும் உருளை ஒன்று உண்டு. அது கேமின் போக்கிலேயே நேராக உருள வேண்டும். டீசல் வரத்து குறைந்தாலோ காற்று புகுந்தாலோ அதைப் பிடித்திருக்கும் டேப்பட் தன் துளையில் லேசாகத் திரும்பிவிடும். பிறகு உருளை உருளாமல் கேமைச் சுரண்டும். அந்தத் தூள் அப்படியே ஹை பிரஷர் பக்கம் போய் எல்லா இன்ஜெக்டரையும் கெடுக்கிறது. முழுதும் மாற்றினால் 10,000 டாலர் அளவுக்கு வந்து நிற்கும்.

என்னுடைய வண்டியிலும் இந்தப் பம்ப்தான். வாங்கியதுமே தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரோடு கூடிய லிஃப்ட் பம்ப் ஒன்றைத் தனியாகப் போட்டேன், சிபி4க்கு எப்போதும் தடையில்லாமல் டீசல் போக வேண்டும் என்பதற்காக. பைபாஸ் கிட் என்று ஒன்றும் விற்கிறார்கள். அது பம்ப் கெடாமல் தடுக்காது, கெட்டால் தூள் இன்ஜெக்டருக்குப் போகாமல் டேங்க் பக்கம் திருப்பிவிடும். இதைத் தெளிவாகச் சொல்லாமல் விற்பவர்கள் இருக்கிறார்கள், வாங்குகிறவர்கள் தெரிந்து வாங்க வேண்டும்.

அடிட்டிவ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சல்ஃபரை எடுத்ததால் டீசல் வறண்டுவிட்டது என்று ஒரு பேச்சு உண்டு. சல்ஃபரே வழவழப்புத் தருவதில்லை. அதை நீக்கும் சுத்திகரிப்பில் இயற்கையாக வழவழப்புத் தரும் வேறு சேர்மங்களும் போய்விடுகின்றன. அதை ஈடுகட்டத்தான் டீசலில் மருந்து சேர்க்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் டீசலுக்குள் ஒரு இரும்புக் குண்டைத் தகட்டின் மேல் தேய்த்து, விழும் தேய்மானத் தழும்பை அளப்பார்கள். அமெரிக்கத் தரம் 520 மைக்ரான் வரை அனுமதிக்கிறது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 460 தான் எல்லை. அதனால் இங்கே நான் நல்ல அடிட்டிவ் ஊற்றுகிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது. 2 சதவீதம் பயோடீசல் கலந்திருந்தாலே வழவழப்பு நன்றாகக் கூடிவிடும். 2020 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் கிடைக்கும் பிஎஸ்6 டீசல் கலப்படம் இல்லாமல் இருந்தால் அந்த 460க்குள்தான் இருக்கும். ஊரில் ஓட்டுகிறவர்கள் அந்தக் காசை ஒரிஜினல் ஃபில்டருக்குச் செலவழிப்பதே மேல். டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றும் பழக்கம் டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள வண்டிக்கு ஆகாது, சாம்பல் சேர்ந்து அடைத்துவிடும்.

டபுள் கப், யாழ்ப்பாணம்:

எங்களுக்கு 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலம்தான் பெரிய பாடம். கிடைத்த நேரம் வாங்கி கான்களிலும் பரல்களிலும் சேர்த்து வைத்தோம். பரல் முழுக்க நிரம்பாவிட்டால் இரவுக் குளிரில் உள்பக்கம் வியர்த்து, அந்தத் தண்ணீர் அடியில் சேர்ந்துவிடும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கிருமி வளர்ந்து கறுப்பாக வழுவழு என்று படியும். அதை ஊற்றிய சில வாகனங்களின் ஃபில்டர் அடைத்து, கராஜில் வரிசை கட்டி நின்றதை நாங்களே பார்த்தோம். நான் பரலின் அடியைத் தொடாமல் மேல்பக்கத்திலிருந்து மட்டும் குழாய் போட்டு எடுத்து, நுண்ணிய வடியில் வடித்த பிறகே வாகனத்துக்கு ஊற்றினேன். கல்வனைஸ் வாளி, கல்வனைஸ் டாங்க் இரண்டும் டீசலுக்குக் கூடவே கூடாது, துத்தநாகம் டீசலோடு சேர்ந்து இன்ஜெக்டரில் படியும்.

காய்வண்டி, ஒட்டன்சத்திரம்:

எல்லோருக்கும் நன்றி. ஈரோடு தம்பி, ஒன்று கேட்க வேண்டும். போன வாரம் எங்கள் பக்கம் ஒரு பையன் அவசரத்தில் டீசல் வண்டிக்குப் பெட்ரோல் போட வைத்துவிட்டான். பத்து லிட்டர் போன பிறகுதான் கவனித்திருக்கிறார்கள். மேலே டீசல் நிரப்பி ஓட்டினால் கலந்துவிடும் என்று பங்க்கில் சொன்னார்களாம். அது சரியா?

டீசல் பட்டறை, ஈரோடு:

சரியே இல்லை அண்ணே. பழைய இன்லைன் பம்ப் காலத்துப் பேச்சு அது, காமன் ரெயிலுக்கு ஒத்துவராது. சாவியைத் திருப்பவே கூடாது. பல வண்டிகளில் சாவி ஆன் ஆனதுமே டேங்க்கில் இருக்கும் மோட்டார் ஓடி, பெட்ரோலை லைனுக்குத் தள்ளிவிடும். நியூட்ரலில் தள்ளி ஓரம் கட்டி, டேங்க்கை முழுதாக வடித்து, புது டீசல் கொஞ்சம் ஊற்றி அலசி அதையும் வெளியேற்ற வேண்டும். சாவியைத் திருப்பியிருந்தால் ஃபில்டரையும் மாற்றி லைனையும் கழுவ வேண்டும். ஸ்டார்ட் செய்து ஓட்டியே விட்டார்கள் என்றால் மீட்டரிங் யூனிட்டைக் கழற்றி வலையைப் பார்க்காமல் வண்டியை வெளியே அனுப்பாதீர்கள். அந்தப் பையனுடைய வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டுச் சொல்லுங்கள், ஸ்டார்ட் செய்யவில்லை என்றால் அரை நாள் வேலைதான்.