புதுப்பிப்பு: உயிரில்லாத என் சுவரெழுத்து எழுத்துரு

தெருச் சுவர்களில் தூரிகையால் எழுதியிருப்பதைப் பார்த்து ஒரு தமிழ்த் தலைப்பு எழுத்துரு வரைகிறேன், திரையில் அதற்கு உயிரே இல்லை, ஏன் என்று போன மாதம் கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

சுவரெழுத்தைப் புகைப்படம் எடுத்து, அதன் மேல் எழுத்துகளின் வெளிக்கோட்டை அப்படியே நகலெடுத்ததுதான் தப்பு. தட்டைத் தூரிகையில் கோட்டின் தடிமன் அதைப் பிடிக்கும் கோணத்தையும் கை போகும் திசையையும் பொறுத்தது. சரி என்று தூரிகையை எடுத்து, பழைய செய்தித்தாளில் 'ழ'வை மட்டும் நூறு தடவையாவது எழுதியிருப்பேன். (வீட்டில் ஒரு மாதிரிதான் பார்த்தார்கள்.) கீழ்ச்சுழியில் கை தானாகத் தூரிகையைத் திருப்புகிறது. அந்தத் திருப்பத்தைத்தான் நான் தொலைத்திருந்தேன்.

அப்புறம், ஒரே சொல்லில் இரண்டு 'ம' அச்சுஅசலாக ஒன்றுபோல் வந்தால் கையால் எழுதியது என்ற மாயை கலைந்துவிடும். அடிக்கடி வரும் எழுத்துகளுக்கு மும்மூன்று வடிவம் வரைந்து, அக்கம்பக்க எழுத்தைப் பார்த்து வடிவம் மாற்றும் ஓப்பன்டைப் (எழுத்துருக் கோப்பு வகை) வசதியில் மாறி மாறி வரவைத்தேன்.

'கொ' மட்டும் இன்னும் படுத்துகிறது. நடுவில் 'க' சாய்ந்தாலும் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் விறைப்பாகவே நிற்கின்றன.