ஃபுட்பாலில் ஓடி வந்து த்ரோ போட்டால் பின்கால் எழும்பிவிடுகிறது, என்ன செய்வது?

பாம்பன் ரைட் பேக்:
அண்ணன்மாரே, போன ஞாயிற்றுக்கிழமை மண்டபம் ஊரில் ஆடிய மேட்சில், பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் உள்ளே எறியும்போது எனக்கு மட்டும் மூன்று ஃபவுல் த்ரோ. இரண்டுக்குக் காலைக் காட்டினார் ரெஃப்ரி, மூன்றாவது எதற்கென்றே புரியவில்லை. நின்று போட்டால் தப்பில்லை, ஆனால் தூரம் போகாது. சின்ன வயதிலிருந்து அப்பாவோடு வீச்சுவலை வீசுகிறவன், தோளில் பலம் இருக்கிறது. எங்கே தவறுகிறேன்?

கீழக்கரை ஸ்டாப்பர்:
தம்பி, ஃபுட்பாலின் 15ஆவது விதி காலைப் பற்றிக் கேட்பது இவ்வளவுதான்: பந்து கையை விடும்போது இரண்டு பாதத்திலும் ஏதாவது ஒரு பகுதி கோட்டின் மேலோ, கோட்டுக்கு வெளியே தரையிலோ பட்டிருக்க வேண்டும். முழுப்பாதம் வேண்டாம், பெருவிரல் பட்டாலே போதும். அதனால் கடைசி எட்டு வைக்கும்போது முன்காலை ஊன்றி, பின்கால் விரலை மணலில் கோடு கிழிப்பது போல் இழுத்துக்கொண்டே போடு. நம் ஊர் மணல் இதற்கு ரொம்ப நல்லது, போட்டு முடித்துத் திரும்பிப் பார்த்தால் தடம் சொல்லிவிடும், பந்தை விட்ட இடத்தில் அறுந்திருந்தால் கால் எழும்பியிருக்கிறது. நான் இப்படித்தான் திருந்தினேன். அப்புறம், கோடு அழிந்த கிரவுண்டில் ஒரு சாண் பின்னாலேயே நில்.

தொண்டி மணல்:
மூன்றாவது ஃபவுல் வலைப் பழக்கத்தால்தான் வந்திருக்கும். வலையை இடுப்பைத் திருப்பி ஒரு பக்கமாகச் சுழற்றி விடுவோம். த்ரோவில் அது ஆகாது. மைதானத்தைப் பார்த்து நின்று, இரண்டு கையாலும், தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக வர வேண்டும். இரண்டு கட்டைவிரலும் பந்தின் பின்னால் கிட்டத்தட்ட ஒட்டியிருக்கட்டும், மற்ற விரல்களை விரித்துப் பிடி. போன பந்து பக்கவாட்டில் சுழன்றால் ஒரு கை கூடுதலாகத் தள்ளுகிறது என்று அர்த்தம். தோள் பலத்தை மட்டும் நம்பாதே, முதுகை வில்லாக வளைத்து வயிற்றிலிருந்து கொண்டு வா. இங்கிலாந்தின் ஸ்டோக் சிட்டி அணியில் ஆடிய ரோரி டெலாப் த்ரோ போட்டாலே எதிரணி கார்னர் கிக் வந்தது போலப் பதறும், அவர் சிறுவயதில் ஈட்டி எறிந்தவர்.

கீழக்கரை ஸ்டாப்பர்:
தூரம் மட்டும் போதாது. 2018இல் லிவர்பூல் த்ரோவுக்கென்றே தனியாகத் தாமஸ் குரோனமார்க் என்ற பயிற்சியாளரை வைத்தது, அவர் யாருக்கு, எப்போது, எவ்வளவு வேகமாகப் போடுவது என்பதையும் சேர்த்தே பழக்கினார். த்ரோவிலிருந்து நேராக வாங்கினால் ஆஃப்சைடு (எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நின்று பந்தை வாங்கும் தவறு) கிடையாது, ஓரத்தில் ஆடும் உன் விங்கரைத் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பின்னால் போய் நிற்கச் சொல்.

பாம்பன் ரைட் பேக்:
நன்றி அண்ணே. நேற்றுச் சாயங்காலம் கடற்கரையில் நாற்பது போட்டேன். பதினொன்றில் தடம் அறுந்திருந்தது, அத்தனையும் கச்சான் காற்றுக்கு எதிராகப் போட்டவை.

தொண்டி மணல்:
எதிர்க்காற்று என்றதும் உயரத் தூக்கப் பார்க்கிறாய், உடம்பும் கூடவே எழும்புகிறது. பந்தைக் கொஞ்சம் தாமதமாக விடு, தாழ்வாகப் போகும். காற்றுக்கு எதிரே என்றால் பக்கத்து ஆளின் காலுக்குப் போடு, போதும்.