புதுப்பிப்பு: சுடிதார் கழுத்துச் சுருக்கம் போய்விட்டது

காட்டன் சுடிதாரின் கழுத்தைச் சுற்றிச் சங்கிலித் தையல் போட்டால் துணி சுருங்கி நிற்கிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, சரியாகிவிட்டது.

எம்பிராய்டரி நூலின் ஆறு இழையையும் அப்படியே கோத்துத் தைத்ததுதான் முதல் தப்பு. இப்போது இரண்டு இழைதான். அதையும் முழங்கை நீளத்துக்கு மேல் எடுப்பதில்லை. நீளம் கூடினால் சிக்கு விழுகிறது, பளபளப்பும் போய்விடுகிறது. அதைவிடப் பெரிய தப்பு, ஒவ்வொரு கண்ணியையும் இறுக்கி இழுத்தது. நூல் துணிமேல் படிந்ததும் கையை நிறுத்திவிட வேண்டும். கண்ணி ஓர் அரிசி மணி போல உப்பலாகத் தெரிந்தால் சரி.

பழைய தையலை மனசே இல்லாமல்தான் பிரித்தேன். வரிசையாக ஊசி ஓட்டைகள். தண்ணீர் தெளித்து, நகத்தால் நீவிவிட்டு, இஸ்திரி போட்டதும் மறைந்துவிட்டன.

அப்புறம், சிவப்பு நூல் வாங்கினால் தைப்பதற்கு முன்பே ஈரமான வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். என்னுடையது சாயம் விட்டது, வேறு வாங்கிவிட்டேன்.

முன்கழுத்து முடிந்தது. இலைகளுக்கு லேசி டெய்சி (இதழ் வடிவில் தனித்தனிக் கண்ணியாகப் போடும் தையல்) மட்டும் பாக்கி.