பதினாறு டாலர் மாத்திரை: படைவீரர் வீட்டுக்கு மட்டும் ஏன் காசு?

வடகரையாள்:
என் வீட்டுக்காரர் அமெரிக்கத் தரைப்படையில் இருக்கிறார். தமிழ் தெரிந்த வெளிநாட்டவரையும் படைக்கு எடுத்த மாவ்னி திட்டத்தில் சேர்ந்தவர். நேற்று ஊர் மருந்துக்கடையில் ஒரு மாதக் கருத்தடை மாத்திரைக்கு 16 டாலர் கட்டினேன். எனக்கு முன்னால் நின்ற பெண் அதே மாத்திரையை வாங்கினாள், ஒரு காசு கட்டவில்லை. அவளுடையது கம்பெனி காப்பீடு. 2010 சுகாதாரச் சட்டத்தின்படி 2012 ஆகஸ்டிலிருந்து தனியார் காப்பீடுகள் கருத்தடைக்குக் கைக்காசு வாங்கக் கூடாது. படைவீரர் குடும்பங்களுக்கான எங்கள் காப்பீடு டிரைகேர், ராணுவச் சட்டத்தின் கீழ் வருவதால் அந்த விதி அதைக் கட்டுப்படுத்தாதாம். இது நியாயமா?

கணக்குப்பிள்ளை:
சகோதரி, 16 டாலர் என்பது வெளிக்கடைக் கணக்கு. 2025 விலைப்படி, ஜெனரிக் (கம்பெனிப் பெயர் இல்லாத) மாத்திரையைத் தபாலில் வரவழைத்தால் மூன்று மாதத்துக்கு 13 டாலர்தான். படைத்தள மருந்தகத்தில் அந்தக் காசும் கிடையாது. வருடத்துக்கு 52 டாலரிலோ சும்மாவோ முடிகிற காரியத்துக்கு 192 டாலர் கட்டிவிட்டு அநியாயம் என்றால் எப்படி? அந்தக் கம்பெனிப் பெண்ணின் சம்பளத்தில் மாதாமாதம் பிரீமியம் பிடிப்பார்கள். உங்களுக்கு அது உண்டா?

வடகரையாள்:
கணக்கு அண்ணா, தளம் எங்கள் வீட்டிலிருந்து 140 மைல். இவருக்கு ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் வேலை, அது ஊருக்குள் இருக்கிறது. தபாலா? மூன்று வருடத்துக்கு ஒரு மாற்றல். போன தடவை பார்சல் பழைய வீட்டுக்குப் போய்விட்டது. பதினோரு நாள் மாத்திரை இல்லாமல் இருந்தேன்.

மூன்றாம்பிறை:
நான் ஆறு வருடம் கடற்படையில் இருந்தேன். அப்போது எந்தக் கடையில் வாங்கினாலும் காசில்லை. விலகிவிட்டேன், கணவர் இன்னும் பணியில் இருக்கிறார். இப்போது நான் 'சார்ந்திருப்பவர்'. அதே மாத்திரை, அதே கவுன்டர், ஆனால் பணம் கட்டு என்கிறார்கள். என் உடம்பு மாறவில்லை, அட்டைதான் மாறியது.

இன்னொரு வேடிக்கை. 2022 ஜூலை 28 முதல் கருப்பைக்குள் வைக்கிற சாதனம், கைத்தோலுக்கு அடியில் வைக்கிற குச்சி, ஊசி ஆகியவற்றுக்குக் கைக்காசை எடுத்துவிட்டார்கள். 2023 ஜனவரியிலிருந்து பெண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கும் எடுத்துவிட்டார்கள். மாத்திரைக்கு மட்டும் பிடிவாதம்!

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் காசில்லாத வழிகள் இருக்கின்றனவே, அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே? ரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற வீட்டாரும் வெளிக்கடையில் இதே கைக்காசைத்தான் கட்டுகிறார்கள். 2027 வரைக்குமான கட்டண அட்டவணையைப் பாராளுமன்றமே சட்டத்தில் எழுதிவைத்திருக்கிறது. இன்று ஒரு மருந்துக்கு விலக்கு கொடுத்தால் நாளை இன்னொன்றுக்குக் கேட்பார்கள்.

கூடுதுறை:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். கணவர் ஒன்பது மாதம் கப்பலில் இருந்தால் மாத்திரை எதற்கு?

மூன்றாம்பிறை:
கூடுதுறை சார், எனக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி. அவர் வீட்டில் இருந்தாலும் கப்பலில் இருந்தாலும் நான் மாத்திரை சாப்பிட்டாக வேண்டும்.

கணக்கு சார், சாதனம் வைத்துப் பார்த்தேன். ஆறு வாரம் ரத்தப்போக்கு நிற்கவில்லை, எடுக்கச் சொல்லிவிட்டேன். எல்லா உடம்பும் ஒரே மாதிரி கிடையாது. ரத்த அழுத்த மாத்திரைக்குப் பக்கத்து வீட்டுக்காரியும் காசு கட்டுகிறாள், நானும் கட்டுகிறேன், சரி. கருத்தடை மாத்திரைக்கு அவள் கட்டுவதில்லை, நான் மட்டும் கட்டுகிறேன். அந்த வித்தியாசத்தைத்தான் கேட்கிறேன். அப்புறம், பிரசவம் என்று வந்தால் அந்தச் செலவை ஏற்பதும் இதே டிரைகேர்தான். உங்கள் பேரேட்டில் அது எந்தப் பக்கம்?

கணக்குப்பிள்ளை:
பக்கத்து வீட்டுக்காரி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது டிரைகேர் அலுவலகம் நினைத்தால் மாறாது, சட்டம் மாற வேண்டும். செனட்டர் ஜீன் ஷாஹீன் இதற்கென்றே மசோதா கொண்டுவந்தார், ஒரு தடவை அல்ல, பல தடவை. நிறைவேறவில்லை. மறுபடி வந்தால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன். வடகரை சகோதரிக்கு ஒன்று: தபாலுக்குப் புது முகவரி கொடுக்க ஒரு போன் போதும். முதலில் அதைச் செய்யுங்கள்.

வடகரையாள்:
போன வாரமே கொடுத்துவிட்டேன் அண்ணா. இன்று காலை இவருக்கு மாற்றல் உத்தரவு வந்திருக்கிறது.